பரவாலீங்க

என் வீட்டுக்காரருக்குத் தெரிந்த தமிழ் ஒரே ஒரு வார்த்தைதான் என்று எங்கள் சந்தில் பல பேரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். "பரவாலீங்க." டவுன் பஸ்ஸில் யாராவது காலை மிதித்தால், மிதித்தவன் வாயைத் திறக்கும் முன்பே இவர் சொல்லிவிடுவார். கல்யாணப் பந்தியில் இவர் இலைக்கு வரும்போது பாயச வாளி காலியானால் பரவாலீங்க. முடி வெட்டுகிறவர் காதோரம் கத்தியை இழுத்து ரத்தம் வந்தாலும் பரவாலீங்க. என்னைப் பெண் பார்க்க வந்த அன்று, பதற்றத்தில் நான் சர்க்கரையே போடாமல் காப்பியைக் கொடுத்துவிட்டேன். முழு டம்ளரையும் குடித்து முடித்தார். "காப்பி எப்படிங்க மாப்பிள்ளை?" என்று என் அப்பா கேட்டதற்கும் அதே பதில்தான். இந்த ஆளிடமிருந்து உண்மையை வாங்குவது பெரும்பாடு என்று அன்றைக்கே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

எங்கள் பக்கத்து ஆட்கள் எல்லோருமே கொஞ்சம் அப்படித்தான். அடுத்தவர் மனசு நோகக் கூடாதென்று வாயில் வருகிற எல்லாவற்றுக்கும் ஒரு 'ங்க' போட்டு வைப்போம். திட்டினாலும் 'ங்க' போட்டுத்தான் திட்டுவோம். ஆனால் நான் திட்டுவேன், அவர் திட்டமாட்டார். கணபதி என்கிற பகுதியில் எங்கள் வீட்டு முன்னறையில் கிரைண்டர் போட்டு இட்லி மாவு விற்கிறேன். பாத்திரத்தைச் சரியாகக் கழுவாமல் மாவு வாங்க வருகிறவர்களை முகத்துக்கு நேராகச் சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவேன். அவர் பக்கத்துத் தெருவில் லேத் பட்டறை வைத்து, பம்பு செட்டுக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுத்துக்கொண்டிருந்தார். பட்டறைக்கு வருகிறவர்கள் அவரைத் தங்கமான மனுசன் என்பார்கள். என்னை என்னவென்பார்கள் என்று நான் விசாரித்ததில்லை.

கண்ணில்தான் முதலில் ஆரம்பித்தது. ஷாஃப்டின் அளவு பார்க்க வெர்னியரை எடுத்தால், அதிலுள்ள கோடு வலது கண்ணுக்கு வளைந்து தெரிந்திருக்கிறது. அதையும் உடனே சொன்னாரா என்றால் இல்லை. கடைந்த சாமான் அளவு தப்பித் திரும்பி வந்த பிறகுதான் வாயைத் திறந்தார். இரும்புத் தூள் விழுந்திருக்கும், வெள்ளைத் துணியின் முனையால் எடுத்துவிடலாம் என்று பட்டறை ஆட்கள் சொன்னார்கள். நான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கண் டாக்டரிடம் போனேன். தூளும் இல்லை, துகளும் இல்லை. கண்ணுக்குள்ளே மச்சம் போல ஒரு கறுப்பு. மெலனோமா என்கிற புற்றுநோய், நம் ஊர்ப்பக்கம் அபூர்வமாகத்தான் வரும் என்றார் அந்த டாக்டரம்மா. கட்டி பெரிதாக இருந்ததால் கண்ணையே எடுக்க வேண்டியதாயிற்று. செயற்கைக் கண்ணைப் பொருத்திய அன்று கண்ணாடியில் பார்த்துவிட்டு, "பரவாலீங்க, இன்னொண்ணு இருக்குதுங்களே" என்று அந்த அம்மாவுக்கே ஆறுதல் சொன்னார். நான் பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

ஒற்றைக் கண்ணோடு மறுபடியும் லேத்தில் நின்றார். இந்த நோய் கண்ணைத் தாண்டினால் பெரும்பாலும் கல்லீரலுக்குத்தான் போகும், அதனால் அடிக்கடி வயிற்றை ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். ஒவ்வொரு தடவையும் சுத்தமாகத்தான் வந்தது. எனக்கும் பயம் கொஞ்சம் தெளிந்திருந்தது. பிறகு ஒரு தடவை, ஸ்கேன் எடுத்த மறுநாளே ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார்கள். அவர்களாகக் கூப்பிடுகிறார்கள் என்றபோதே நல்ல சேதியாக இருக்காது என்று தெரிந்துவிட்டது.

காந்திபுரம் போய் வேறு பஸ் மாறிப் போனோம். புற்றுநோய்க்கு மருந்து பார்க்கிற டாக்டர் இருந்தார். சின்ன வயசுதான், எங்கள் மகளைவிட நாலைந்து வயது மூத்தவராக இருக்கலாம். அவரும் இந்த ஊர்ப் பேச்சுத்தான். மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"கல்லீரலுக்குப் பரவிருச்சுங்க."

"பரவாலீங்க" என்றார் இவர்.

இவர் தன்னை மறுத்துப் பேசுகிறார் என்று டாக்டர் நினைத்துக்கொண்டார். "இல்லீங்க, பரவியிருக்குதுங்க. இங்க பாருங்க" என்று கம்ப்யூட்டரைத் திருப்பி, படத்தில் இருந்த கட்டிகளை விரலால் தொட்டுக் காட்டினார்.

"அது செரிங்க. பரவாலீங்க."

'பரவலீங்க', 'பரவாலீங்க' இரண்டையும் எழுதிப் பார்த்தால் ஒரு கால்தான் வித்தியாசம். 'பரவலீங்க' என்றால் நோய் வேறெங்கும் போகவில்லை என்று அர்த்தம். 'பரவாலீங்க' என்றால் எது வேண்டுமானாலும் ஆகட்டும், நீங்கள் சங்கடப்படாதீர்கள் என்று அர்த்தம். தன் உயிரே போகிற சேதியைச் சொல்கிறவரிடம் போய் இந்த மனுசன் சங்கடப்படாதீர்கள் என்கிறாரே என்று எனக்கு வந்த கோபத்தில், மேசைக்கு அடியில் அவர் தொடையைப் பிடித்துக் கிள்ளினேன். அதற்கும் என் பக்கம் திரும்பிச் சின்னதாகச் சிரித்தார், பாவி.

கட்டிகள் சிலதான், அறுத்து எடுக்கிற இடத்தில்தான் இருக்கின்றன என்று டாக்டர் சொன்னதும் எனக்கு மூச்சு வந்தது. அப்படியானால் நாளைக்கே அறுங்கள் என்றேன். அவர் இல்லையென்று தலையை ஆட்டினார். அறுத்து எடுத்தாலும் நிறையப் பேருக்குத் திரும்ப வந்துவிடுகிறதாம். அதனால் அறுவைக்கு முன்பே மருந்து கொடுத்தால் பலன் இருக்குமா என்று ஓர் ஆராய்ச்சி நடக்கிறதாம். இவர் அதில் சேரலாமாம்.

"முள்ளுக் குத்துனா முதல்ல முள்ளைத்தானுங்க எடுப்பாங்க? கட்டியை உள்ளேயே வச்சுக்கிட்டு என்னங்க மருந்து?" என்று கேட்டேன்.

"அம்மா, போலீஸ் நாய்க்கு மோப்பம் புடிக்க எதைக் குடுப்பாங்க? திருடனோட துணியைத்தானே? இந்த மருந்து நேரா கட்டியைக் கொல்ற மருந்தில்லீங்க. நம்ம உடம்புக்குள்ள இருக்கற நாயை அவுத்து விடற மருந்து. கட்டி உள்ள இருக்கறப்பவே அவுத்துவிட்டா நல்லா மோப்பம் புடிச்சுக்கும், கட்டியை எடுத்த பின்னாடியும் அங்கங்க ஒளிஞ்சிருக்கறதைத் தேடிப் போகும்னு நம்பறோம்."

"போகுமுங்களா?"

"தெரியாதுங்கம்மா. தெரிஞ்சிருந்தா சோதனைன்னு எதுக்குச் சொல்றேன்?"

எனக்கு அந்தப் பதில் பிடித்துவிட்டது. தெரியாது என்று சொல்கிற டாக்டரை நான் அதுவரை பார்த்ததில்லை. இன்னொன்றையும் ஒளிக்காமல் சொன்னார். மருந்து கொடுத்து முடித்ததும் ஸ்கேன் எடுப்பார்கள். நோய் வேறெங்கும் பரவாமல் இருந்தால் அறுவை. பரவிவிட்டால் அறுவை கிடையாது. காத்திருக்கிற காலத்தில் அதுவும் நடக்கலாம். யோசித்துச் சொல்லுங்கள் என்றார். வீட்டுக்கு வந்து மகளோடு போனில் பேசினோம். பெங்களூரில் இருக்கிறவள் நாலு பேரிடம் விசாரித்துவிட்டு, சேரலாம்மா என்றாள். அவரைக் கேட்டேன். என்ன சொல்லியிருப்பார் என்று நான் எழுத வேண்டியதில்லை.

சம்மதம் கேட்பதைக் கேமராவில் படம் பிடித்தார்கள். அவர், எங்கள் மகள் கல்யாணத்துக்கு எடுத்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, முழங்காலில் கையை வைத்து, கல்யாண போட்டோவுக்கு உட்கார்ந்தது போல உட்கார்ந்திருந்தார். இது சோதனை, பலன் உறுதியில்லை, எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம், புரிகிறதா என்று கேட்டார்கள். "செரிங்க, செரிங்க" என்றார். பிறகு அந்த ஆராய்ச்சிக்கென்றே இருக்கிற நர்ஸம்மா ஒருத்தர் எங்களைத் தனியாக உட்கார வைத்துப் பேசினார். "அண்ணா, நாயை அவுத்து விடறோம்னு டாக்டர் சொன்னாருல்லீங்களா? சில சமயம் அது வீட்டு ஆளையே கடிச்சுரும். தோல் அரிப்பு, இருமல், வயித்துப்போக்கு, எது வந்தாலும் அன்னைக்கே எனக்குப் போன் பண்ணிச் சொல்லோணும். நாட்டு மருந்து ஒண்ணும் சாப்புடக் கூடாது." அதற்கும் செரிங்க.

முதல் மருந்தை ஒரு காலைப்பொழுது முழுக்கக் கையில் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். வீட்டுக்கு வந்து நன்றாகத்தான் இருந்தார். அந்த வாரமே மேட்டுப்பாளையத்திலிருந்து அவர் அக்கா ஒரு பை நிறையக் கீழாநெல்லியோடு வந்து இறங்கினார். கல்லீரல் என்ற சொல் காதில் விழுந்தால் எங்கள் பக்கம் யாருக்கும் கீழாநெல்லிதான் ஞாபகத்துக்கு வரும். மஞ்சள் காமாலை என்ன, புற்று என்ன, எல்லாம் ஒன்றுதான் அவர்களுக்கு. நான் மாவை வழித்துக்கொண்டிருந்த நேரத்தில் அரைத்து மோரில் கலக்கி நீட்டிவிட்டார். நான் கையைக் கழுவிக்கொண்டு ஓடி வருவதற்குள் டம்ளர் காலி.

"நர்ஸம்மா என்ன சொல்லுச்சு? நாட்டு மருந்து ஆகாதுன்னு சொல்லுச்சா இல்லையா?" என்று கத்தினேன்.

"அக்கா அத்தனை தூரத்துல இருந்து பறிச்சுட்டு வந்துருக்குது. வேண்டாம்னு சொன்னா மனசு நொந்துபோயிருமல்ல அம்மணி?"

நர்ஸம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், ஒன்றும் கெடுதலில்லை. மீதிக் கீழாநெல்லியை நான் குப்பையில் போட்டதைப் பார்த்துவிட்டு நாத்தனார் மத்தியானச் சோற்றுக்குக்கூட இருக்காமல் பஸ் ஏறிவிட்டார். அவர் மனசு நொந்தது எனக்கும் வருத்தம்தான். ஆனால் எனக்கு அப்போது வேண்டியது என் புருசன் உயிர். ஒறம்பரை, சொந்தபந்தத்தையெல்லாம் பிறகு சமாதானம் செய்துகொள்ளலாம்.

இரண்டாவது மருந்து ஏறிக் கொஞ்ச நாள் கழித்துத்தான் அந்தக் குழாய்ச் சத்தத்தைக் கவனித்தேன். பாத்ரூமுக்குள் போனதும் குழாயைப் பெரிதாகத் திறந்துவிட்டுக்கொள்வார். தண்ணீரை ஒரு சொட்டு வீணாக்காத மனுசன். கதவைத் தட்டி, "ஏனுங்க, வயித்தால போகுதுங்களா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. மாவு சித்தெ புளிச்சிருச்சாட்ட இருக்குது."

என் மாவா? எனக்குச் சுர்ரென்று ஏறியது. இத்தனை வருசமாக இந்தச் சந்தே என் மாவைத்தான் சாப்பிடுகிறது. கைக்குழந்தைக்கு முதல் இட்லி ஊட்ட என்னிடம்தான் வந்து மாவு வாங்கிப் போவார்கள். கட்டிய புருசன் வாயிலிருந்து இப்படி ஒரு சொல்லா? ஆனாலும் சந்தேகம் வந்துவிட்டால் மனசு சும்மா இருக்குமா? உளுந்து மாற்றி வாங்கினேன். கிரைண்டர் கல்லைச் சுடுதண்ணீர் விட்டுத் தேய்த்தேன். அது போதாதென்று, மாவு வாங்க வந்தவர்களிடம் "வயிறெல்லாம் நல்லா இருக்குதுங்களா?" என்று விசாரித்தும் வைத்தேன். அவ்வளவுதான், மாவில் என்னவோ கோளாறு என்று சந்து முழுக்கப் பேச்சாகிவிட்டது. இரண்டு நாள் மாவு விற்காமல் பொங்கி வழிந்தது. அவருக்கு இட்லி தோசையை நிறுத்தி ரசஞ்சோறு கொடுத்தேன். குழாய்ச் சத்தம் நின்றபாடில்லை. கேட்டால், முந்தாநாள் தோசை இன்னும் அடங்கவில்லை என்றார். போன் பண்ணலாமா என்று நான் எடுத்தால், நாளைக்குத்தான் டாக்டரைப் பார்க்கப் போகிறோமே, நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று தடுத்துவிட்டார்.

மறுநாள் பஸ்ஸில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியே வந்தார். கன்னம் ஒட்டிக் கிடந்தது. மூன்றாவது மருந்துக்கான நாள் அது. மருந்து ஏற்றுவதற்கு முன்னால் டாக்டர் வழக்கம் போல ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"சாப்பாடெல்லாம் எப்படிங்க?"

"பரவாலீங்க."

"அசதி?"

"பரவாலீங்க."

"மோஷன் போறதெல்லாம்?"

"பரவாலீங்க" என்று சொல்லிவிட்டு, என்னை ஒரு பார்வை பார்த்துக்கொண்டு, "மாவு சித்தெ புளிச்சிருந்துச்சுங்க, அவ்வளவுதான்" என்றார்.

டாக்டர் தலையை ஆட்டிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போகப் பார்த்தார். மருந்துப் பையை வெளியே எடுத்து வைத்துவிட்டார்கள். நான் எழுந்து நின்றுவிட்டேன். நாற்காலி பின்னால் போய்ச் சுவரில் இடித்தது.

"டாக்டருங்க, என்ற மாவுல ஒரு குத்தமும் இல்லீங்க!"

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. "என்னங்கம்மா?"

"சந்துல எல்லாரும் அதே மாவைத்தானுங்க தின்னாங்க. ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகலீங்க. இவரு ரசஞ்சோறு தின்னாலும் போகுது, வெறுந்தண்ணி குடிச்சாலும் போகுது. பாத்ரூமே கதின்னு கெடக்கறாருங்க. எனக்குக் கேக்கக் கூடாதுன்னு குழாயைத் தொறந்து விட்டுக்கறாருங்க. போன வாரம் கடைசியில இருந்தே இப்படித்தானுங்க. மாவாம், மாவு! பழியைத் தூக்கி என்ற மேல போடறாருங்க!"

நான் என் மாவின் மானத்தைக் காப்பாற்றத்தான் பேசினேன். சொல்லி முடிக்கும்போதே டாக்டரின் முகம் மாறுவதைப் பார்த்தேன். இவர் பக்கம் திரும்பி, "ரத்தம் போகுதுங்களா?" என்று மெதுவாகக் கேட்டார். இவர் தலையைக் குனிந்துகொண்டு, "லேசா" என்றார்.

ரத்தம் என்பது எனக்கும் அப்போதுதான் தெரியும்.

மருந்துப் பையை உடனே திருப்பி எடுத்துப் போனார்கள். அவரை அப்படியே படுக்கையில் சேர்த்து, கேமராக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். குடல் முழுக்கச் சிவந்து புண்ணாகிக் கிடந்தது. அவிழ்த்து விட்ட நாய் வீட்டு ஆளைக் கடித்துவிட்டது. அன்றைக்கு மறுபடி மருந்தை ஏற்றியிருந்தால் குடல் ஓட்டையாகி உயிருக்கே ஆபத்தாகியிருக்கலாம் என்று டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னார். "அவரு மரியாதைக்குச் சொன்ன வார்த்தையை நான் மருந்துக்குக் குடுத்த மார்க்குன்னு நெனைச்சுட்டேனுங்கம்மா. நானும் இந்த ஊர்க்காரன்தான், எனக்கே புரிஞ்சிருக்கோணும்" என்றார். பாவமாக இருந்தது. அவரைச் சொல்லி என்ன ஆகப் போகிறது?

புண் ஆற ஸ்டீராய்டு கொடுத்தார்கள். நாலைந்து நாளில் முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்தது. அதுவரை அடக்கி வைத்திருந்தேன். ஒரு சாயங்காலம், கஞ்சியைக் குடித்துவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்திருந்தவரிடம் கேட்டேன்.

"ஏனுங்க, ரத்தம் போறதைக்கூடச் சொல்லலீன்னா நான் எதுக்குங்க பக்கத்துல இருக்கறேன்?"

போர்வையை இழுத்து விட்டுக்கொண்டு சொன்னார். "சொன்னா மருந்தை நிறுத்திப் போடுவாங்க. நிறுத்திட்டா ஆபரேஷனும் இல்லீன்னுருவாங்கன்னு பயந்துட்டேன் அம்மணி. அதுவுமில்லாம, அந்த டாக்டர்ப் பையன் என்னை நம்பித்தான சோதனை பண்ணுது? ஒவ்வொரு வாட்டியும் எத்தனை ஆசையா மூஞ்சியைப் பார்த்துக் கேக்குது. நல்லா இல்லீன்னு எப்படிச் சொல்றது?"

என்ன ஜென்மமோ இது என்று இருந்தது எனக்கு. கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன. "நீங்க செத்துப்போயிருந்தா அந்தப் பையனுக்குச் சந்தோசமா இருந்திருக்குமாக்கும்?" என்று கேட்டுவிட்டு, கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பக்கத்துக் கட்டில்காரர்கள் பார்க்கிறார்கள் என்றுகூட நினைக்காமல் அழுதேன். அவர் என் தலையைத் தடவிக்கொண்டிருந்தார். அந்த வார்த்தை அவர் வாய் வரைக்கும் வந்து, அவர் அதை விழுங்கிக்கொண்டது எனக்குத் தெரிந்தது.

அன்றிலிருந்து அந்த வார்த்தைக்கு ஆஸ்பத்திரியில் தடை. நர்ஸம்மா கறாராகச் சொல்லிவிட்டார்: "அண்ணா, இனிமே பரவாலீங்கன்னு சொன்னா, பதிலே சொல்லலீன்னுதான் நாங்க எடுத்துக்குவோம்." இவர் மட்டுமில்லை, அங்கே வருகிற முக்கால்வாசிப் பேர் அதைத்தான் சொல்கிறார்களாம். பவானியிலிருந்து வந்த ஒரு பெரியவர் மூச்சு வாங்க வாங்கப் 'போச்சாதுங்க' என்றாராம். அதுவும் எங்கள் பக்கம் பரவாயில்லை என்பதுதான். அதற்கப்புறம் நோயாளியிடம் கேட்டுவிட்டு, கூட வந்தவர்களிடம் தனியாக இன்னொரு தடவை கேட்பதை வழக்கமாக வைத்துக்கொண்டார்கள். கூட வருகிறவர்களில் ஒரு வாய்க்காரி இருந்தால் நல்லது என்று நர்ஸம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் விசாரிக்காமல் விட்ட பட்டம் ஆஸ்பத்திரி வரைக்கும் வந்துவிட்டது.

மருந்தை மறுபடி கொடுக்க முடியாது என்றார்கள். ஏறிய இரண்டு தடவை ஏறியதுதான். குடல் ஆறி, ஸ்டீராய்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்த பிறகு ஸ்கேன் எடுத்துத்தான் அறுவை உண்டா இல்லையா என்று சொல்வார்கள். அந்த வாரங்களை நான் எப்படிக் கழித்தேன் என்று எனக்கே தெரியவில்லை. பாதி மருந்துதான் போயிருக்கிறது. அதுவும் நாய் குடலைக் கடித்துக்கொண்டிருந்த நேரத்தில் கட்டியைக் கவனித்ததா, விட்டுவிட்டதா? யாரைக் கேட்பது? அவர் முன்னறையில் உட்கார்ந்து எனக்கு உளுந்து புடைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஒற்றைக் கண்ணால் ஒரு கல் விடாமல் பொறுக்கிவிடுவார். கேட்டால் உள்ளதைச் சொல்லப் பழகியிருந்தார். "இன்னைக்கு அசதியா இருக்குது." "வாய் கசக்குது." அதைக் கேட்கும்போது வருத்தமாகவும் இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது.

ஸ்கேன் எடுத்து வந்து மூன்றாம் நாள், கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. டாக்டர்தான். ஈரக்கையோடு எடுத்துக் காதில் வைத்தேன். கல் சுற்றுகிற இரைச்சலில் ஒரு வார்த்தைதான் காதில் விழுந்தது.

"பரவாலீங்கம்மா."

எனக்கு வந்ததே ஆத்திரம். "நீங்களுமாங்க டாக்டர்? உங்களுக்குமா அந்த வார்த்தை? எனக்குச் சமாதானம் சொல்லாதீங்க. பரவிருச்சுன்னா பரவிருச்சுன்னு நேரா சொல்லிப் போடுங்க, நான் தாங்கிக்குவேன்!"

அந்தப் பக்கம் அவர் என்னவோ கத்தினார். மறுபடியும் அதே வார்த்தை போலத்தான் கேட்டது. "கிரைண்டரை நிறுத்துங்கம்மா!" என்பது மட்டும் தெளிவாக விழுந்தது. இவர் எழுந்துபோய் சுவிட்சை அணைத்தார். கல் சுற்றி நின்றது.

"பரவலீங்கம்மா" என்றார் டாக்டர், ஒவ்வோர் எழுத்தாக. "பரவலை. வேற எங்கயும் பரவலை. இருக்கற கட்டியும் கொஞ்சம் சுருங்கியிருக்குதுங்க. ஆபரேஷன் பண்ணிரலாம்."

நான் மாவுக் கையோடு தரையில் உட்கார்ந்துவிட்டேன். என்னவாம் என்று அவர் கேட்டார். போனை அவர் கையில் கொடுத்துவிட்டேன். அவர் கேட்டுக்கொண்டே நின்றார். செயற்கைக் கண் பக்கமும் தண்ணீர் வழிந்தது. "ரொம்ப நன்றிங்க, தங்கம்" என்றார் டாக்டரிடம். சின்னப் பிள்ளைகளைச் சொல்வது போல.

அறுவை நாளன்று பச்சை அங்கி மாட்டி, தள்ளுவண்டியில் படுக்கவைத்து உள்ளே கொண்டுபோகிற கதவு வரைக்கும் நான் கூடவே நடந்தேன். கதவருகில் கொஞ்ச நேரம் நிறுத்தினார்கள். என் விரலைப் பிடித்துக்கொண்டு, "அம்மணி, எனக்குப் பயமா இருக்குது" என்றார்.

முப்பது வருசத்துக்கு மேல் கூட இருந்தும், அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் இப்படிக் கேட்டதில்லை. நான் வெறுத்து, ஏசி, தடை போட்டு வைத்த அந்த வார்த்தைதான் என் வாயில் வந்தது.

"பரவாலீங்க" என்றேன். "பயந்துக்கங்க. நான் இங்கதான் இருக்கறேன்."

அறுத்து எடுத்த கட்டிகளைச் சோதித்ததில் பெரும்பகுதி ஏற்கெனவே செத்துக் கிடந்தது என்று பிறகு டாக்டர் சொன்னார். அப்படியானால் மருந்து பலிக்கும் என்று எழுதிவிடலாமா என்று கேட்டேன். "உங்க வீட்டுக்காரருக்குப் பலிச்சிருக்குதுங்க. எல்லாருக்கும் பலிக்குமான்னு இன்னும் தெரியாதுங்கம்மா" என்றார். திரும்ப வருமா வராதா என்பதும் தெரியாது. இப்போதும் ஸ்கேனுக்குப் போகும்போதெல்லாம் எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதெல்லாம் பிற்பாடு.

அறுவை முடிந்த மறுநாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் அவரைப் பார்க்க என்னை விட்டார்கள். வயிற்றைச் சுற்றிக் கட்டு, மூக்கில் குழாய், உதடு காய்ந்து கிடந்தது. மருந்து டாக்டரும் பார்க்க வந்திருந்தார். குனிந்து, "எப்படி இருக்குதுங்க?" என்று கேட்டார்.

இவர் கண்ணைத் திறந்தார். டாக்டரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"வலிக்குதுங்க டாக்டர். உசுரு போற மாதிரி வலிக்குதுங்க. ஏதாச்சும் குடுங்க."

நர்ஸ் ஊசியை எடுக்க ஓடினார். டாக்டர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"கேட்டீங்களாம்மா?"

"கேட்டேனுங்க" என்றேன். அவர் அங்கே வலியில் முனகிக்கொண்டிருக்க, நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சந்தோசத்தில் அழுதேன்.